வக்கீல் மீது புகார்: கொடுப்பவரும் பெறுபவரும் அறிய வேண்டியவை

வழக்கறிஞர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை பற்றி இரண்டு விதமான கேள்விகள் என்னிடம் வருகின்றன. "வக்கீல் ஏமாத்திட்டார் சார், எங்க போய்ச் சொல்றது?" என்று கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். "பார் கவுன்சில்ல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு சார், சன்னத் போயிடுமா?" என்று தங்கள் தொழில் உரிமத்தை நினைத்து இளம் வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். முன்னவர் குரலில் இயலாமை. பின்னவர் குரலில் பயம். இருவருமே ஒரே சட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இருவருக்குமே அந்தச் சட்டம் சரியாகச் சொல்லப்படவில்லை.

உண்மையான புகார் ஆண்டுக்கணக்கில் தூங்குகிறது. பொய்ப் புகார், ஒருவரின் நல்ல பெயர் கெடும்வரை ஓடுகிறது. இவை இரண்டு தனித்தனி நோய்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வரும் புகாரை முதல் கட்டத்திலேயே படித்து, இதில் சரக்கு இருக்கிறதா என்று எடைபோடும் வேலையைச் செய்யாமல் விடுவதன் இரண்டு விளைவுகள் இவை. அந்த வேலை நடந்தால் கட்சிக்காரருக்கும் நியாயம் கிடைக்கும், வழக்கறிஞருக்கும் பாதுகாப்பு கிடைக்கும். அது நடக்க நீங்கள் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எது தவறு, எது வெறும் தோல்வி?

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 35-இல், "தொழில்சார்ந்த அல்லது பிற தவறான நடத்தை" என்றுதான் சொல்கிறது. அது என்னவென்று சட்டம் வரையறுக்கவில்லை. இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் அந்த இடத்தை நிரப்புகின்றன. வரையறை இல்லாத இடத்தில் அத்துமீறல் எளிதில் நுழையும் என்பதால், தவறுக்கும் தோல்விக்கும் இடையிலான கோட்டை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்சிக்காரர் கட்டச் சொல்லிக் கொடுத்த நீதிமன்றக் கட்டணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது, நஷ்டஈட்டுக் காசோலையை வாங்கித் தான் செலவழிப்பது, ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்லிவிட்டு அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராவது, தான் நடத்திய வழக்கில் ஏலத்துக்கு வந்த சொத்தைத் தானே வாங்குவது, ஜெயித்தால் கிடைப்பதில் பங்கு என்று ஃபீஸ் பேசுவது, நீதிபதிக்குத் தர வேண்டும் என்று பணம் கேட்பது. இவையெல்லாம் சந்தேகமில்லாமல் தவறுகள். தொழிலுக்கு வெளியே நடப்பதும் கணக்கில் வரும். உத்தரப் பிரதேசத்தில் நீதிமன்ற அறைக்குள்ளேயே எதிராளியைக் கத்தியால் தாக்கிய வழக்கறிஞர் ஒருவரின் பெயரை உச்ச நீதிமன்றம் 1997-இல் பதிவேட்டிலிருந்து நீக்கியது.

ஆனால் வழக்கில் தோற்பது தவறு அல்ல. சட்டத்தை ஒரு விதமாகப் படித்து வாதாட, நீதிபதி வேறு விதமாகப் படித்துவிட்டால் அதுவும் தவறு அல்ல. சாதாரணக் கவனக்குறைவு, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு பிசகியது ஆகியவை தொழில் தவறு ஆகாது என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கவனக்குறைவோடு நேர்மைக்கேடும் சேர்ந்திருக்க வேண்டும். சென்னை சிவில் நீதிமன்றங்களில் அரசு வழக்கறிஞராக இருந்த ஒருவரின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அவர் அலுவலகத்தில் வழக்குக் கட்டுகள் உரிய நேரத்தில் கவனிக்கப்படாமல் போய், அரசுக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி (ஒருதரப்பு) தீர்ப்புகள் ஆகிவிட்டன. இந்திய பார் கவுன்சில் அவரைக் கண்டித்தது. உச்ச நீதிமன்றம் 1997-இல் அந்தக் கண்டனத்தை ரத்து செய்தது. அவரிடம் நேர்மைக்கேடு எதுவும் காட்டப்படவில்லை என்பதே காரணம்.

இதன் பொருள், கவனக்குறைவால் நஷ்டப்பட்ட கட்சிக்காரருக்கு வழியே இல்லை என்பதல்ல. அவருக்கு வழி வேறு. 1926-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் (கட்டணம்) சட்டத்தின் பிரிவு 5-இன்படி, வழக்கறிஞர் என்ற ஒரே காரணத்தால் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து யாரும் தப்ப முடியாது. சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

புகார் போகும் பாதை

புகார் முதலில் மாநில பார் கவுன்சிலுக்குப் போகும். நமக்கு அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். கவுன்சில் புகாரைப் பார்த்து, தவறு நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் புகார்தாரரிடம் கூடுதல் விவரம் கேட்கலாம், வழக்கறிஞரிடம் விளக்கம் கேட்கலாம். "நம்பக் காரணம்" என்பது சடங்குக்காக எழுதப்பட்ட சொல் அல்ல. கவுன்சில் தன் மனதைச் செலுத்தி முடிவெடுத்த பிறகே குழுவுக்கு அனுப்ப முடியும் என்று குஜராத் பார் கவுன்சில் தொடர்பான நந்தலால் பரோட் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வரும் புகாரையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு குழுவுக்குத் தள்ளுவதும் தவறு, காரணம் சொல்லாமல் மூலையில் போடுவதும் தவறு.

குழுவில் மூன்று பேர். இருவர் கவுன்சிலின் உறுப்பினர்கள், ஒருவர் கவுன்சிலுக்கு வெளியே இருந்து சேர்க்கப்படும் அனுபவமுள்ள வழக்கறிஞர். அட்வகேட் ஜெனரலுக்கும் நோட்டீஸ் போகும். சாட்சிகளை அழைப்பது, ஆவணங்களை வரவழைப்பது போன்றவற்றில் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. முடிவில் புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் இடைநீக்கம் செய்யலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம்.

இதையெல்லாம் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது பிரிவு 36பி. முடியாவிட்டால் வழக்கு தானாகவே இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். அங்கும் தேங்குகிறது என்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், மாற்றப்பட்டு வரும் புகார்களையும் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரிகளையும் அனுபவமுள்ள வழக்கறிஞர்களையும் விசாரணை அலுவலர்களாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையையும் சொன்னது.

கட்சிக்காரருக்கு

முதலில், பார் கவுன்சில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது வழக்கறிஞரைத் தண்டிக்கும். உங்கள் பணத்தை வசூலித்துத் தராது, தோற்ற வழக்கை ஜெயிக்க வைக்காது. பணம்தான் வேண்டும் என்றால் சிவில் வழக்கு. ஏமாற்றிக் கையாடல் செய்திருந்தால் காவல் நிலையம். மூன்று வழிகளிலும் ஒரே நேரத்தில் போகலாம். எது எதற்கு என்ற தெளிவு இருந்தால் ஏமாற்றம் குறையும்.

வழக்குக் கட்டைத் திரும்ப வாங்க முடியவில்லை என்பதே அடிக்கடி வரும் குறை. "பாக்கி ஃபீஸைக் கொடுத்தாத்தான் கட்டைத் தருவேன்" என்று எந்த வழக்கறிஞரும் சொல்ல முடியாது. மத்தியப் பிரதேசத்தில் கூட்டுறவு வங்கி ஒன்றின் சட்ட ஆலோசகர், தனக்கு 97,100 ரூபாய் ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வங்கியின் கட்டுகளைத் தர மறுத்தார். ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை, அப்படிச் செய்வது தொழில் தவறு என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையோடு கட்டைக் கேளுங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பல நேரம் அந்தக் கடிதமே வேலையை முடித்துவிடும். முடிக்காவிட்டால் அதுவே உங்கள் முதல் சாட்சி.

புகாரைத் தமிழிலேயே எழுதலாம். மாநில ஆட்சிமொழியில் கொடுக்க விதி இடம் தருகிறது. மனு வடிவில் எழுதி, கையொப்பமிட்டு, விவரங்கள் உண்மை என்று உறுதிமொழி சேர்த்து, உரிய கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். வழக்கறிஞரின் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட வக்காலத்தில் அந்த எண் இருக்கும்.

எழுதும்போது நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, தேதிவாரியாக எழுதுங்கள். எப்போது வக்காலத்து கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் எவ்வளவு பணம், எந்த வாய்தாவுக்கு ஆஜராகவில்லை என்று வரிசைப்படுத்துங்கள். வாய்தா விவரங்களை இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணை வைத்து எடுக்கலாம்.

இரண்டு, வழக்கறிஞர் செய்த ஒரு குறிப்பிட்ட செயலைச் சொல்லுங்கள். "என்னை மோசம் செய்துவிட்டார்" என்பது குற்றச்சாட்டு அல்ல. "எதிர்த்தரப்பு டெபாசிட் செய்த பணத்தை என் சார்பில் பெற்று என்னிடம் தரவில்லை" என்பது குற்றச்சாட்டு.

மூன்று, ஊகத்தை எழுதாதீர்கள். "எதிராளியிடம் பணம் வாங்கிவிட்டார்" என்று சந்தேகம் இருக்கலாம். ஆதாரம் இல்லாமல் அதை எழுதினால், ஆதாரமுள்ள உங்கள் மற்ற குறைகளும் அதோடு சேர்ந்து பலமிழக்கும். தொழில் தவறு என்ற குற்றச்சாட்டு குற்றவியல் தன்மை கொண்டது, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும் என்று பஞ்சாட்சரப்பா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிரூபிக்கும் சுமை உங்களுடையது.

நான்கு, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மீது கோபத்தில் புகார் கொடுக்காதீர்கள். அவர் தன் கட்சிக்காரருக்காகக் கடுமையாக வாதாடியது உங்களுக்கு வலித்திருக்கும். அது அவர் கடமை. மகாராஷ்டிரா மற்றும் கோவா பார் கவுன்சில் இப்படிப்பட்ட ஒரு புகாரை விசாரணைக்கு எடுத்தபோது, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, பார் கவுன்சிலுக்கே 50,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது. பொதுவாகப் புகார்தாரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையே கட்சிக்காரர் – வக்கீல் உறவு இருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

விசாரணைக்கு நீங்களே ஆஜராகலாம், வழக்கறிஞர் வைப்பது கட்டாயமில்லை. இன்னொரு வக்கீலை வைத்துக்கொள்ள வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவிக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை உண்டு.

நடுவில் வழக்கறிஞர் சமாதானத்துக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் வாபஸ் பெற்றதற்காக மட்டும் விசாரணை கைவிடப்படாது என்று விதி இருக்கிறது. தவறு செய்தவர் காசு கொடுத்து வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த விதி.

நோட்டீஸ் வந்த வழக்கறிஞருக்கு

முதல் நோட்டீஸ் பெரும்பாலும் விளக்கம் கேட்டு வரும். இந்தக் கட்டம்தான் உங்களுக்கு மிக முக்கியமானது. புகார் குழுவுக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. "இதெல்லாம் ஒரு புகாரா" என்று பதில் போடாமல் இருப்பவர்கள், கடைசியில் குழு முன்னால் மாதக்கணக்கில் நிற்கிறார்கள்.

பதிலைப் பத்திவாரியாக எழுதுங்கள். வக்காலத்து, ஃபீஸ் ரசீது, கட்சிக்காரருக்கு அனுப்பிய கடிதங்கள், வாட்ஸ்அப் செய்திகள், நீதிமன்ற உத்தரவுகளின் சான்றிட்ட நகல்கள் ஆகியவற்றைச் சேருங்கள். குற்றச்சாட்டு எந்த நடத்தை விதியை மீறுகிறது என்று புகாரில் சொல்லப்படவில்லை என்றால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். புகார்தாரர் உங்கள் கட்சிக்காரரே அல்ல என்றால் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள். கட்சிக்காரர் உங்களை நம்பிச் சொன்ன ரகசியங்களை, உங்களைக் காத்துக்கொள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வெளியிடுங்கள். கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினால் அதுவே புதிய புகாராகும்.

புகார்தாரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு மிரட்டாதீர்கள். அவர் ஊர்க்காரர்களை, சங்கத் தலைவர்களை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். திருப்பித் தர வேண்டிய பணம் உண்மையிலேயே இருந்தால் கணக்கோடு உடனே தந்து ரசீது வாங்குங்கள். விசாரணை அதனால் நிற்காது. ஆனால் தண்டனையின் அளவைப் பேசும்போது உதவும்.

விசாரணை குழுவுக்குப் போய்விட்டால், கீழ்க்கண்டவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களையும் ஆவணங்களையும் வைத்து நடக்கும். நீதியின் நலனுக்குத் தேவை என்று குழு கருதினால் வாய்மொழிச் சாட்சியத்தையும் குறுக்கு விசாரணையையும் அனுமதிக்கலாம். ஆகவே உண்மை யார் பக்கம் என்பது சாட்சியைப் பொறுத்தது என்றால், குறுக்கு விசாரணை வேண்டும் என்று எழுத்துமூலம் மனு கொடுங்கள். வாயால் கேட்டுவிட்டு விடாதீர்கள். குழு மறுத்தால் மேல்முறையீட்டில் அந்த மனு பேசும்.

குழு உறுப்பினர் ஒருவருக்கு உங்களோடு தேர்தல் பகை இருந்தாலோ, புகார்தாரரோடு உறவு இருந்தாலோ, தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு குழுவிடமிருந்து வழக்கை எடுத்து அதே கவுன்சிலின் வேறு குழுவுக்கு மாற்றப் பிரிவு 35(1ஏ) இடம் தருகிறது. தீர்ப்பு பாதகமாக வந்த பிறகு இதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

நோட்டீஸ் கிடைத்தும் போகாமல் எக்ஸ்பார்ட்டி ஆக்கப்பட்டால், போதிய காரணத்தோடு பிரமாணப் பத்திரம் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். தாமதிக்காதீர்கள்.

தவறு நிரூபணமானாலும் தண்டனை தவறின் அளவுக்கு மேல் போகக் கூடாது. கட்டைப் பிடித்து வைத்த அந்த மத்தியப் பிரதேச வழக்கறிஞருக்கு இந்திய பார் கவுன்சில் 18 மாதத் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் செய்தது தவறு என்று உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், அந்த விஷயத்தில் சட்டம் அதுவரை தெளிவாக இல்லை என்பதைக் கணக்கில் எடுத்து, கண்டனத்தோடு நிறுத்தியது. பெயர் நீக்கம் என்பது ஒருவரின் பிழைப்பை முழுமையாக முடித்துவிடும் தண்டனை. இடைநீக்கமோ கண்டனமோ ஏன் போதாது என்று குழுவைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு, அங்கும் பாதகம் என்றால் 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம். புகார்தாரருக்கும் இதே உரிமை உண்டு. நாள் கணக்கு, உத்தரவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கும். தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீடு செய்தாலே தண்டனை நின்றுவிடும் என்று நினைத்து ஆஜராகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அது பெரிய ஆபத்து. பிரிவு 40-இன் கீழ் தனியாக மனுச் செய்து தடையுத்தரவு வாங்க வேண்டும். குழுவுக்கே போகாமல் கவுன்சில் மட்டத்தில் புகார் நிராகரிக்கப்பட்டால், புகார்தாரர் பிரிவு 48ஏ-இன் கீழ் இந்திய பார் கவுன்சிலில் சீராய்வு கேட்கலாம்.

அதிகாரம் எல்லை மீறும் இடங்கள்

ஒழுங்கு நடவடிக்கை அதிகாரத்தைச் சட்டம் பார் கவுன்சிலிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. அரசுக்கு எதிராகவும், சில நேரம் நீதிபதியின் கருத்துக்கு எதிராகவும் நின்று பேச வேண்டியவர் வழக்கறிஞர். அவர் சன்னத் அரசின் கையிலோ நீதிபதியின் கையிலோ இருந்தால் கட்சிக்காரருக்காகத் தைரியமாகப் பேச முடியாது. இந்தப் பாதுகாப்பு வழக்கறிஞருக்குத் தரப்பட்ட சலுகை அல்ல, கட்சிக்காரருக்குத் தரப்பட்ட காப்பு.

அந்தக் காப்பு பலமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் ஓர் அவமதிப்பு வழக்கில், அப்போது இந்திய பார் கவுன்சிலின் தலைவராகவே இருந்த வி.சி. மிஸ்ராவை மூன்றாண்டு இடைநீக்கம் செய்தது. 1998-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த முடிவைத் திருத்தியது. அவமதிப்புக்குத் தண்டிக்கலாம், ஆனால் சன்னத்தைப் பறிக்கும் வேலை பார் கவுன்சிலுடையது என்றது. நீதிமன்றத்தின் அதிகாரம் முழுவதும் போய்விடவில்லை. அவமதிப்புக் குற்றவாளியான வழக்கறிஞர் அதிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளும்வரை நீதிமன்றத்தில் ஆஜராகாமல் தடுக்கலாம். தொழில் உரிமை வேறு, நீதிமன்ற அறைக்குள் ஆஜராகும் உரிமை வேறு.

நம் மாநிலத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. 2016 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் 14ஏ முதல் 14டி வரை புதிய விதிகளைக் கொண்டுவந்தது. நீதிபதியின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவது, நீதிமன்ற ஆவணத்தைத் திருத்துவது போன்ற கடும் குற்றங்களோடு, நீதிபதி மீது ஆதாரமற்ற புகாரை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புவது, வளாகத்தில் ஊர்வலம் போவது, பதாகை பிடிப்பது ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. வழக்கறிஞரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமின்றி மாவட்ட நீதிபதிக்கும் தரப்பட்டது. விசாரணை முடியும் முன்பே இடைக்காலத் தடையும் விதிக்கலாம். யாருக்கு எதிராகக் குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்டதோ அவர்களே விசாரிப்பவர்களாகவும் தண்டிப்பவர்களாகவும் ஆகும் ஏற்பாடு அது.

அந்த ஜூலையில் வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தை முற்றுகையிட்டுப் போராடினார்கள். இந்திய பார் கவுன்சில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணைக்கு முன்பே இடைநீக்கம் செய்தது. 2019 ஜனவரி 28 அன்று முத்துகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நான்கு விதிகளையும் ரத்து செய்தது. ஒழுங்கு நடவடிக்கை அதிகாரத்தைப் பார் கவுன்சிலிடமிருந்து எடுத்துக்கொள்ள உயர் நீதிமன்றத்தால் முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆனால் நாணயத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீதிமன்றப் புறக்கணிப்பு நாளில் ஜாமீன் மனு கேட்கப்படாமல் சிறையில் கூடுதலாக ஒரு வாரம் இருந்தவரின் இழப்புக்கு யார் பொறுப்பு? வேலைநிறுத்தம் செய்ய வழக்கறிஞர்களுக்கு உரிமை இல்லை என்று 2002 டிசம்பரில் ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் புறக்கணிப்புகள் தொடர்கின்றன. அத்துமீறலை எதிர்க்கும் தார்மீக உரிமை, நம் கடமையை நாம் செய்யும்போதுதான் நிலைக்கும்.

பார் கவுன்சில்களும் எல்லை மீறுவது உண்டு. 2021 ஜூனில் இந்திய பார் கவுன்சில், நீதிமன்றத்தையோ நீதிபதியையோ பார் கவுன்சிலையோ இழிவாகப் பேசுவதைத் தொழில் தவறாக்கும் விதிகளை அரசிதழில் வெளியிட்டது. தன்னை விமர்சிப்பவரைத் தானே தண்டிக்கும் அதிகாரம் அது. எதிர்ப்பு எழுந்த பிறகு அவற்றைச் செயல்படுத்தாமல் நிறுத்தி வைத்தது. மறுபுறம், 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த வரைவில், புறக்கணிப்புக்குத் தடையும் இந்திய பார் கவுன்சிலில் அரசு நியமன உறுப்பினர்களுக்கு இடமும் இருந்தன. நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் அதே மாதம் வரைவு திரும்பப் பெறப்பட்டது.

இடைக்காலத் தடை என்ற பழக்கத்தையும் கவனியுங்கள். குற்றவழக்கு பதிவானதுமே, வழக்கு முடியும்வரை தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் தீர்மானம் போடுவது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ரவுடித்தனத்துக்குக் கறுப்பு அங்கியைப் பயன்படுத்துபவர்களைத் தடுக்க இது தேவை என்கிறார்கள். அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. ஆனால் பிரிவு 35 இடைநீக்கத்தை விசாரணைக்குப் பிந்தைய தண்டனையாகத்தான் சொல்கிறது. நம் நாட்டில் குற்றவழக்கு முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். குடும்பச் சண்டையிலோ, காவல் நிலைய வாசலில் கட்சிக்காரருக்காகப் பேசிய தகராறிலோ பதிவான எஃப்.ஐ.ஆர். ஒருவரை ஆண்டுக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்துவிடும். இப்படி உத்தரவு வந்தவர்கள், தங்களிடம் விளக்கம் கேட்கப்பட்டதா, உத்தரவில் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா, அதற்குக் கால வரம்பு உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போடத் தயங்காதீர்கள்.

என்ன மாற வேண்டும்

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் வழக்கறிஞர்களின் ஓட்டில் ஜெயித்து வந்தவர்கள். தாங்கள் ஓட்டுக் கேட்க வேண்டியவர்களையே விசாரிக்கிறார்கள். வேண்டியவருக்குச் சலுகை, வேண்டாதவருக்குத் தண்டனை என்ற சந்தேகம் எழ இதுவே போதும். இங்கிலாந்து 2007-ஆம் ஆண்டின் சட்ட சேவைகள் சட்டத்தில், வழக்கறிஞர்களுக்காகப் பேசும் அமைப்பையும் அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பையும் பிரித்தது. அரசின் பிடியும் இல்லாமல், தேர்தல் கணக்கும் இல்லாமல் இங்கும் ஒரு பிரிவினை சாத்தியம்தான்.

அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். ஆனால் மூன்று விஷயங்களைச் செய்யத் திருத்தம் எதுவும் தேவையில்லை. புகாரை ஏற்றாலும் நிராகரித்தாலும் ஒரு பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். எத்தனை புகார் வந்தன, எத்தனை முடிந்தன, எத்தனை ஓராண்டைத் தாண்டின என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும். முடிந்த உத்தரவுகளை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி தளத்தில் போட வேண்டும். எது தவறு, எதற்கு என்ன தண்டனை என்று முந்தைய உத்தரவுகளைப் படித்துத் தெரிந்துகொள்ளும் வழக்கறிஞர் ஜாக்கிரதையாக இருப்பார், கட்சிக்காரர் வீண் புகார் கொடுக்கமாட்டார், குழுவும் ஆளுக்கொரு நீதி சொல்லத் தயங்கும்.

கட்சிக்காரர்களிடம் என் வேண்டுகோள்: கோபத்தை அல்ல, ஆதாரத்தை எழுதிக் கொடுங்கள். இளம் வழக்கறிஞர்களிடம்: முதல் வழக்கிலிருந்தே ரசீது கொடுங்கள், கணக்கு வையுங்கள், நோட்டீஸ் வந்தால் அன்றே பதில் எழுத உட்காருங்கள். அடுத்த பார் கவுன்சில் தேர்தலில் உங்களிடம் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்த மூன்று சீர்திருத்தங்களையும் செய்வாரா என்று கேளுங்கள். செய்வேன் என்று சொல்பவருக்கு மட்டும் ஓட்டுப் போடுங்கள்.